125ன்னு எழுதியிருக்கு, சரி... கேட்டியா?



ஹாஸ்டல் டே அன்னிக்கு ராத்திரி ஒன்பதரை மணி. மெஸ்ஸுக்கு வெளியே ரெண்டு பெரிய ஸ்பீக்கர், அதுக்கு முன்னாடி முந்நூறு பேர், மேடையில் இரவல் வாங்கிய கன்ட்ரோலரோட நான். செகண்ட் இயர் பையனை நம்பி டிஜே வேலையைக் கொடுத்திருந்தாங்க. அதுவே பெரிய விஷயம்.

நானும் சும்மா போகலை. என் லேப்டாப் ரொம்பப் பழசு, சாஃப்ட்வேர்ல பாட்டை அனலைஸ் பண்ணச் சொன்னா அப்படியே தொங்கிடும். அதனால ரெண்டு வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் கையில் எண்ணி, ஃபைல் பெயரிலேயே பிபிஎம்மை எழுதி வச்சிருந்தேன். ஓடிக்கிட்டிருந்த பாட்டு 125. அடுத்து போட வேண்டியதும் 125. ரெண்டும் ஒண்ணுதானே! பிட்ச் ஃபேடர் ரெண்டையும் நடுவுல வச்சேன், பீட் விழும் இடம் பார்த்து பிளே அமுக்கினேன், ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டு, கூட்டத்தோட சேர்ந்து கையைத் தூக்கி ஆட ஆரம்பிச்சேன்.

முதல் சில விநாடி சூப்பர். அப்புறம் கிக் சத்தம் லேசா தடிச்ச மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு அடி ரெண்டு அடியாச்சு. அரை நிமிஷத்துல, ரெண்டு குதிரை ஒரே ரோட்டில் தறிகெட்டு ஓடற மாதிரி ஒரு சத்தம். ஆடிக்கிட்டிருந்த காலெல்லாம் நின்னுபோச்சு. "டேய், பாட்டை மாத்துடா!"ன்னு பின்னாடியிருந்து ஒரு குரல். பதற்றத்துல ஃபேடரைத் தப்பான பக்கம் தள்ளி, ஓடிக்கிட்டிருந்த பாட்டையும் நிறுத்தித் தொலைச்சேன்.

நிகழ்ச்சி முடிஞ்சு ஒயரைச் சுத்திக்கிட்டிருந்தப்ப, சவுண்ட் பார்த்துக்கிட்டிருந்த ஃபைனல் இயர் அண்ணா வந்தார்.

"என்னாச்சு தம்பி?"

"தெரியலைண்ணா. ரெண்டு பாட்டுக்கும் 125ன்னுதான் எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கே, சரி. கேட்டியா?"

பதில் சொல்லத் தெரியலை. அந்தக் கேள்விக்கு நான் தேடிக் கண்டுபிடிச்ச பதில்தான் இந்தக் கட்டுரை. டிஜே ஆக ஆசைப்படற ஒவ்வொருத்தரும் கேட்கிற கேள்வியும் இதுதான்: எழுதி வைத்த டெம்போவை நம்புவதா, காதை நம்புவதா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு

பிபிஎம் என்பது ஒரு நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற கணக்கு. 60,000ஐ பிபிஎம்மால் வகுத்தால், இரண்டு பீட்டுக்கு நடுவே எத்தனை மில்லி விநாடி என்பது வந்துவிடும். 120 பிபிஎம் என்றால் 500 மில்லி விநாடி. 125 என்றால் 480.

இப்போ என் தப்பைப் பார்ப்போம். பிறகு நிதானமாக அளந்து பார்த்தபோது முதல் பாட்டு 124.5, இரண்டாவது 125.4. இரண்டையும் நான் முழு எண்ணாக்கி 125 என்று எழுதியிருந்தேன். வித்தியாசம் 0.9 பிபிஎம். "ஒண்ணுகூட இல்லையே, இதுக்கா இவ்ளோ பிரச்சினை?" என்று தோணும். ஆனால் 0.9 பிபிஎம் வித்தியாசம் என்றால், ஒரு நிமிடத்தில் ஒரு பாட்டு மற்றொன்றைவிட 0.9 பீட் முன்னே போய்விடும். கிட்டத்தட்ட ஒரு முழு பீட்!

இரண்டு கிக் சத்தங்கள் சுமார் 30 மில்லி விநாடி விலகினாலே, ஒரே அடி இரண்டாகப் பிரிவது போலக் காதுக்குத் தெரிய ஆரம்பிக்கும். 125 பிபிஎம்மில் அது ஒரு பீட்டில் பதினாறில் ஒரு பங்கு. 0.9 பிபிஎம் வித்தியாசத்தில் அந்த விலகல் வர நாலே விநாடி போதும். நான் போட்ட மிக்ஸ் 16 பார், அதாவது 64 பீட், கிட்டத்தட்ட 31 விநாடி. அதன் முடிவில் விலகல் ஏறத்தாழ அரை பீட். ஒரு பாட்டின் கிக், அடுத்த பாட்டின் இரண்டு கிக்குக்கு நட்ட நடுவில் விழும். குதிரைச் சத்தத்தின் ரகசியம் இதுதான்.

சரி, ஒரு தசமம் சேர்த்து எழுதினால்? அப்போது வித்தியாசம் அதிகபட்சம் 0.1 பிபிஎம். 30 மில்லி விநாடி விலக 37 விநாடி ஆகும். 16 பார் மிக்ஸ் தப்பித்துவிடும். 32 பார் மிக்ஸ் தப்பிக்காது. எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அது வாங்கித் தருவது கொஞ்சம் நேரம் மட்டுமே. அந்த நேரத்துக்குள் யாராவது கேட்டுத் திருத்தியாக வேண்டும்.

எழுதி வைத்த எண் எங்கிருந்து வருகிறது?

முதல் வழி, கையால் எண்ணுவது. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவதைப் பலர் செய்வார்கள். இதில் ஒரு பீட் தப்பினால் 4 பிபிஎம் தப்பும். நல்ல முறை வேறு: முதல் பீட்டில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டி, அதைப் "பூஜ்ஜியம்" என்று எண்ணுங்கள். 128 என்று எண்ணும் பீட்டில் நிறுத்துங்கள். 128ஐ 60ஆல் பெருக்கி, வந்த விநாடியால் வகுத்தால் பிபிஎம். கைத்தவறு 0.05 விநாடி என்றாலும், ஒரு நிமிடத்துக்கு மேல் பரவும்போது அது வெறும் 0.1 பிபிஎம்தான். இதே 32 பீட் மட்டும் எண்ணினால் தவறு நாலு மடங்காகும்.

முதல் பீட்டை "ஒன்று" என்று எண்ண ஆரம்பித்தீர்களோ, போச்சு. 32 அடி எண்ணினால் நடுவே இருக்கும் இடைவெளி 31தான். 128 பிபிஎம் பாட்டு 132 என்று வரும். பத்து கம்பம் நட்டால் நடுவே ஒன்பது இடைவெளிதான் என்று சின்ன வயதில் போட்ட அதே கணக்கு!

இரண்டாவது வழி, சாஃப்ட்வேர். பாட்டில் சத்தம் திடீரென்று எகிறும் இடங்களைக் கண்டுபிடித்து, அவை எந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தேடுவதுதான் அது செய்யும் வேலை. சிக்னல் ப்ராசஸிங் படித்தவர்களுக்கு ஆட்டோகோரிலேஷன் ஞாபகம் வரும். கிக் சீராக விழும் எலக்ட்ரானிக் பாட்டில் இது அருமையாக வேலை செய்யும். ஆனால் மூன்று இடத்தில் வழுக்கும்.

ஒன்று, பாதி-இரட்டைக் குழப்பம். 174 பிபிஎம் பாட்டை 87 என்று காட்டும். 70ஐ 140 என்று காட்டும்.

இரண்டு, மூன்று மூன்றாக நடக்கும் தாளம். நம்ம ஊர் குத்துப் பாட்டு பலவும் திஸ்ர நடையில், "தகிட தகிட" என்று போகும். நிமிடத்துக்கு 100 பீட், ஒவ்வொன்றிலும் மூன்று சின்ன அடி என்றால் மொத்தம் 300 சின்ன அடி. சாஃப்ட்வேர் அதை இரண்டிரண்டாகப் பிரித்துப் படித்தால் 150 என்று காட்டிவிடும். தப்பான எண் என்று திரையில் எங்கேயும் சிவப்பு விளக்கு எரியாது. உங்கள் கால் தட்டினால்தான் தெரியும்.

மூன்று, மனிதன் வாசித்த பாட்டு. 1980ல் ரோலண்ட் டிஆர்-808, 1983ல் டிஆர்-909 மாதிரியான டிரம் மெஷின்கள் வந்த பிறகுதான் இம்மி பிசகாத தாளம் நடனப் பாட்டில் சாதாரணமானது. அதற்கு முன் டிரம்மர் உட்கார்ந்து வாசித்தார். பல்லவியில் ஒரு வேகம், உற்சாகம் ஏறிய சரணத்தில் கொஞ்சம் கூடுதல். இளையராஜாவின் 80களின் பாட்டுகள் பெரும்பாலும் வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தவை. அந்த மாதிரி பாட்டுக்கு "118" என்று ஒரே எண் எழுதுவது, சென்னையிலிருந்து மதுரை போன பஸ்ஸின் வேகம் "மணிக்கு 60" என்று எழுதுவது போல. சராசரி சரிதான். ஆனால் திண்டிவனம் தாண்டும்போது அது என்ன வேகத்தில் போனது என்று அந்த எண் சொல்லாது.

முன்னோர்கள் எப்படிச் செய்தார்கள்?

1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் நியூயார்க்கின் சாங்க்சுவரி கிளப்பில் ஃபிரான்சிஸ் கிராஸோ என்ற டிஜே இருந்தார். இரண்டு ரெக்கார்டின் பீட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார வைத்து, நிற்காமல் பாட்டு மாற்றும் கலையைப் பிரபலமாக்கியவர் என்று இவரைச் சொல்வார்கள். அவருக்கு முன்னால் பிபிஎம் காட்டும் திரை கிடையாது. ஹெட்போனும் காதும் கையும்தான்.

1972ல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் வந்தது. 1979ல் வந்த அதன் எம்கே2 மாடலில் பிட்ச் மாற்ற நீளமான ஃபேடர் இருந்தது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் 8 சதவீதம் வரை இடம். அதாவது 125 பிபிஎம் ரெக்கார்டை 115லிருந்து 135 வரை நகர்த்தலாம். ஆனால் ரெக்கார்டில் வேகத்தை மாற்றினால் சுருதியும் மாறும். 6 சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ ஒரு அரைச் சுரம் ஏறிவிடும், பாடகர் குரலே வேற மாதிரி ஆகிடும்.

இங்கேதான் எழுதி வைத்த எண்ணின் உண்மையான வேலை தெரிகிறது. 100 ரெக்கார்டு உள்ள பெட்டியில், ஓடும் பாட்டோடு சேர்க்கக்கூடியவை எவை என்று சொல்ல எண் வேண்டும். 125க்கு அப்புறம் 123, 127 எல்லாம் கைக்கு எட்டும். 98 எட்டாது. ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டுத் தேட பாட்டு முடிவதற்குள் நேரம் இருக்காது.

இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள், பிரிட்டனின் ஜேம்ஸ் ஹாமில்டன். ரெக்கார்ட் மிரர் என்ற இசை வார இதழில் நடனப் பாட்டுகளுக்கு விமர்சனம் எழுதியவர். 1970களின் இறுதியிலிருந்து தன் விமர்சனத்தோடு பிபிஎம்மையும் அச்சிட ஆரம்பித்தார். வேகம் மாறும் பாட்டு என்றால் ஒரே எண்ணோடு நிறுத்த மாட்டார். தொடக்கம், நடு, முடிவு என்று எண்களை வரிசையாகப் போடுவார். யோசித்துப் பாருங்கள், அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? ஒருத்தர் முழுப் பாட்டையும் உட்கார்ந்து கேட்டதால் வந்தன. எழுதியவர் காதால் கேட்டு எழுதியதைத்தான் மற்ற டிஜேக்கள் எண்ணாகப் படித்தார்கள்.

2012ல் பயனியரின் சிடிஜே-2000 நெக்ஸஸில் சிங்க் பட்டனே வந்துவிட்டது. இன்னிக்கு சின்ன கன்ட்ரோலரிலும் இருக்கிறது. சிங்க் அமுக்குவது பாவம் இல்லை. ஆனால் அது எதைப் பார்த்து ஒட்டுகிறது? சாஃப்ட்வேர் பாட்டின் மேல் போட்டு வைத்த பீட் கோடுகளைப் பார்த்து. அந்தக் கோடு தப்பென்றால் சிங்க்கும் தப்பு. அதுவும் ரொம்ப நம்பிக்கையோட தப்பு!

இதை லேபிலேயே பார்த்திருக்கோம்

ட்ரிபிள்-ஈ நண்பர்களுக்கு இது உடனே புரியும். மெஷின்ஸ் லேபில் ஆல்டர்னேட்டர் சிங்க்ரனைஸ் பண்ணும் எக்ஸ்பெரிமென்ட் ஞாபகம் இருக்கா? ஓடிக்கொண்டிருக்கும் சப்ளையோடு நம்ம ஆல்டர்னேட்டரைச் சேர்க்க வேண்டும். இரண்டு ஃப்ரீக்வென்சி மீட்டரும் 50 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. உடனே ஸ்விட்சை மூடுவோமா? மூடினால் லேப் அசிஸ்டென்ட் நம்மை மூடிவிடுவார்.

அதற்குத்தான் டார்க் லேம்ப் முறை. நடுவில் கட்டிய மூன்று லேம்பும் மெதுவாக எரிந்து எரிந்து அணையும். எவ்வளவு வேகமாக மினுக்குகிறதோ, இரண்டு ஃப்ரீக்வென்சிக்கும் அவ்வளவு வித்தியாசம். மினுக்கல் மெதுவாகி, லேம்ப் முழுசா அணைந்த நொடியில்தான் ஸ்விட்ச். ஃபேஸ் சீக்வென்ஸ் தப்பென்றால் மூன்றும் ஒன்றாக அணையாது, மாறி மாறி எரியும்.

மிக்ஸிங்கும் இதேதான். வோல்டேஜ் சமமாக்குவது போல இரண்டு பாட்டின் சத்தத்தையும் சமமாக்க வேண்டும். ஃப்ரீக்வென்சி என்பது பிபிஎம், அதை பிட்ச் ஃபேடரால் சரிசெய்கிறோம். ஃபேஸ் என்பது பீட் விழும் நொடி, அதை ஜாக் வீலில் லேசாகத் தள்ளிச் சரிசெய்கிறோம். ஃபேஸ் சீக்வென்ஸ் மாதிரி இன்னொன்றும் உண்டு: நாலு பீட்டில் "ஒன்று" எது என்பது. கிக் எல்லாம் பொருந்தியும், ஒரு பாட்டின் "ஒன்று" மற்றதன் "மூன்றில்" விழுந்தால் ஏதோ உறுத்தும்.

எழுதி வைத்த எண், ஃப்ரீக்வென்சி மீட்டர். காது, லேம்ப். மீட்டர் இல்லாமல் லேம்பை மட்டும் வைத்து வேலை பார்க்கலாம், நேரம் பிடிக்கும். லேம்ப் இல்லாமல் மீட்டரை மட்டும் நம்பினால் என் ஹாஸ்டல் டே கதைதான்.

காதும் ஏமாறும்

அப்போ காதுதான் கடவுளா? இல்லைங்க. காதுக்கும் வரம்பு உண்டு.

ஒலி நம்ம ஊர் வெயிலில் விநாடிக்கு சுமார் 350 மீட்டர் போகும். மெயின் ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால், அந்தச் சத்தம் உங்கள் காதுக்கு வர 29 மில்லி விநாடி. மேலே சொன்ன 30 மில்லி விநாடி எல்லையேதான்! ஒரு காதில் ஹெட்போனில் புதுப் பாட்டு, மறு காதில் தூரத்து ஸ்பீக்கர் என்று வைத்துப் பொருத்தினால், உங்களுக்குச் சரியாகக் கேட்பது கூட்டத்துக்குத் தப்பாகப் போகும். அதனால்தான் டிஜே பக்கத்திலேயே ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வேண்டும். அது இல்லையென்றால் இரண்டு பாட்டையும் ஹெட்போனிலேயே கலந்து கேளுங்கள்.

காது களைத்தும் போகும். அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு சொல்லும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். ராத்திரி முழுக்க ஸ்பீக்கர் முன்னால் நின்றுவிட்டு "என் காது துல்லியம்"னு சொல்ல முடியாது. இயர்பிளக் வாங்குங்க மக்களே. இந்தத் தொழிலில் ஸ்பேர் கிடைக்காத ஒரே கருவி காதுதான்.

அப்போ என்னதான் செய்யணும்?

என் முடிவு இதுதான்: பாட்டைத் தேர்ந்தெடுக்க எண்ணை நம்புங்கள், மிக்ஸைப் பிடித்து நிறுத்தக் காதை நம்புங்கள். இரண்டும் முரண்பட்டால் காது சொல்வதே இறுதி.

எழுதும்போது ஒரே எண்ணை எழுதாதீர்கள். தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் அளந்து ஒரு தசமத்தோடு எழுதுங்கள். டிரம்மர் வாசித்ததா, மெஷினா என்று ஒரு குறிப்பு. பாட்டு ஆரம்பத்தில் வெறும் தாளம் எத்தனை பார் என்று ஒரு குறிப்பு. இது போதும்.

காதுக்குப் பயிற்சி கொடுக்க மிக்ஸ் (மூன்று எக்ஸ் போட்டு முடியும் பெயர்) என்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் பிபிஎம் வரும் இடத்தையும் வேவ்ஃபார்மையும் ஒரு பேப்பரை ஒட்டி மறையுங்கள்.

முதல் வாரம்: ஒரே பாட்டை இரண்டு டெக்கிலும் போடுங்கள். ஒன்றின் ஃபேடரை நண்பர் கொஞ்சம் நகர்த்தி வைக்கட்டும். காதால் கேட்டே மற்றதை அதோடு பொருத்துங்கள். பிறகு பேப்பரை எடுத்துப் பாருங்கள். விடை தெரிந்த கணக்கு என்பதால் எவ்வளவு தப்பினோம் என்று உடனே தெரியும்.

இரண்டாவது வாரம்: இரண்டு வேறு எலக்ட்ரானிக் பாட்டுகள். எது முந்துகிறது என்று புரியவில்லையா? வேண்டுமென்றே ஒரு பக்கம் லேசாகத் தள்ளுங்கள. சத்தம் இன்னும் மோசமானால் மறுபக்கம் தள்ள வேண்டும் என்று அர்த்தம். ஒரு முறை ஜாக் வீலில் சரிசெய்த பிறகும் அதே பக்கம் மறுபடி விலகினால் பிரச்சினை ஃபேஸில் இல்லை, வேகத்தில். ஃபேடரைத் தொடுங்கள்.

மூன்றாவது வாரம்: டிரம்மர் வாசித்த ஒரு பழைய பாட்டோடு ஒரு மெஷின் பாட்டு. ஒரு நிமிடம் சேர்த்தே ஓட்டுங்கள். கை ஜாக் வீலை விட்டு எடுக்கவே முடியாது. கோபம் வரும், பரவாயில்லை. எல்லாவற்றையும் ரெக்கார்டு பண்ணி மறுநாள் கேளுங்கள். அப்போது சரி என்று தோன்றியது எவ்வளவு தப்பு என்று தெரியும்!

நான் இந்த மூன்று வாரத்தை மூன்று மாசம் செய்தேன். போன செமஸ்டர் டிபார்ட்மென்ட் ஃபங்ஷனில் மறுபடி கூப்பிட்டாங்க. கை நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு 80களின் பாட்டு, என் குறிப்பில் 118, 119, 121. அடுத்த பாட்டைச் சேர்த்தபோது கிக் லேசா தடிக்க ஆரம்பிச்சது. இந்த முறை ஹெட்போன் கழுத்தில் இல்லை, காதில் இருந்தது. ஜாக் வீலில் ஒரு விரல், ரெண்டு தள்ளு. சேர்ந்துடுச்சு.

கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியலை, ஆடிக்கிட்டே இருந்தாங்க. அந்த அண்ணா இப்போ வேலைக்குப் போயிட்டார். ரெக்கார்டிங்கை அனுப்பி வச்சேன். "கேட்டிருக்கே"ன்னு ஒரு வரி பதில் வந்தது.

நீங்களும் பேப்பரை ஒட்டிட்டு ஆரம்பிங்க. அடுத்த இதழில் சந்திப்போம்!